ஒரே தொட்டியில் யார் யார்

"உடம்பைப் பாக்காதே, வாயைப் பாரு," என்றார் அப்பா, ஆக்சிஜன் மாஸ்க்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "எவன் வாய்க்குள்ள எவன் நுழைவானோ, அவங்க ரெண்டு பேரையும் ஒரே தொட்டியில விடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்."

மகள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். எழுத்து பொடிப்பொடியாக, வரிசை தப்பாமல் இருக்கும். அப்பாவின் வாடகை வீட்டை வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறார், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அங்கே ஐந்து மீன் தொட்டிகள் இருந்தன. அவளுடைய ஃப்ளாட்டில் மூன்றடித் தொட்டி ஒன்றுக்குத்தான் இடம். அந்த ஒன்றில் யார் யார் குடியேறுவது என்று அப்பா முடிவு செய்துகொண்டிருந்தார், தானும் கூடவே வரப்போகிறவர் போல. அவர் இனி எங்கும் வரப்போவதில்லை என்று டாக்டர் காலையில்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

முப்பது வருஷம் பஸ் டெப்போவில் டியூட்டி போட்டவர் அவர். எந்த டிரைவரோடு எந்தக் கண்டக்டரை ஏற்றினால் வண்டி சண்டை சச்சரவில்லாமல் திரும்பி வரும் என்பது அவருக்கு அத்துப்படி. மீன்களையும் அப்படித்தான் தொட்டி தொட்டியாகப் பிரித்து வைத்திருந்தார்.

"கப்பி வரட்டும், நியான் வரட்டும். ரெண்டும் பரம சாது. ஏஞ்சல் வேண்டாம். பேருதான் தேவதை, நியானை முழுங்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிப்பா. ஃபைட்டரைக் கேக்கவே வேணாம், கண்ணாடியில தன் மூஞ்சியைப் பாத்தே சண்டைக்குப் போறவன். அடியில மண்ணைக் கிளற கோரி."

எழுதினாள். அப்பா மாஸ்க்கை விட்டு நாலு மூச்சு வாங்கினார். மறுபடி தூக்கினார்.

"சித்தியையும் கூட்டிட்டுப் போயிடும்மா."

பேனா நின்றது.

அந்த வீட்டில் சித்திகள் இரண்டு. ஒருத்தி, அம்மா இறந்து மூன்று வருஷம் கழித்து அப்பா கட்டிக்கொண்டு வந்தவள். இன்னொன்று பெரிய தொட்டியில் இருந்த ஆஸ்கர் மீன். சாணுக்கு மேல் நீளம், பிளந்த வாய், யார் கிட்டே போனாலும் கண்ணாடியில் வந்து முட்டும். பதினாறு வயதில், வயிற்றெரிச்சலில் மகள் வைத்த பெயர் அது. அப்பா முதலில் திட்டினார், அப்புறம் அவர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. முதல் ஆஸ்கர் செத்து இரண்டாவது வந்தபோது, பதவி கைமாறுவதுபோல் பெயரும் அதற்கு வந்து சேர்ந்தது. அசல் சித்திக்குத் தெரியாது என்று நினைத்து அப்பாவும் மகளும் காத்துவந்த ஒரே ரகசியம் இது.

ஆனால் அப்பா மீன்களை அவன், அவள் என்பாரே தவிர, இடம் மாற்றுவது என்று வந்தால் 'எடுத்துட்டுப் போ' என்றுதான் சொல்வார். மீனை யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

"அதுக்கு வாய் பெருசுப்பா," என்றாள், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நம்ம தொட்டியில மத்ததோட ஒத்துப் போகாது."

அப்பா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலை எடுத்தார். மாஸ்க் மூக்கின் மேல் உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்தபோது, ஃப்ளாஸ்க்கும் கையுமாகச் சித்தி கதவருகில் நின்றிருந்தாள்.

"வெந்நீர் கொண்டாந்தேன்," என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் அடக்கத்துக்கு வந்த பழைய டிரைவர் ஒருவர், "என்னையும் என் கண்டக்டரையும் ஜோடி சேத்தவரே இவர்தான், கல்யாணத் தரகர் தோத்தாரு" என்று சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டார். மகளுக்கு அழுகை வரவில்லை. அப்பா கடைசியாகத் தன்னிடம் ஒன்றைக் கேட்டார். தான் சொன்ன பதில் ஒரு மீனின் வாயைப் பற்றியது. அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கு நடுவில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சித்தியின் தம்பி எல்லோரிடமும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா எங்ககூட வந்துடும். மாடிப்படிக்குக் கீழே ஒரு ரூம் இருக்கு. இன்வெர்ட்டரைக் கொஞ்சம் தள்ளி வெச்சாப் போதும்." சித்தி தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் காலை மகள் இரண்டு வாளிகளோடு வீட்டுக்குப் போனாள். வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. தொட்டிகள் ஐந்தும் காலி. மீன்கள் தண்ணீரும் காற்றும் நிரப்பிய பைகளில், ரப்பர் பேண்டு போட்டு, மேஜை மேல் வரிசையாக இருந்தன. அவள் எழுதிய சீட்டைச் சித்தி எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்தாள்.

"நீ கோரி ஒண்ணுன்னு எழுதியிருக்கே. நான் ஆறையும் போட்டிருக்கேன்."

"அப்பா எத்தனைன்னு சொல்லலை."

"அதை ஒத்தையா விடக் கூடாது. விட்டா சாகாது, ஒரு மூலையில போய்ப் படுத்துக்கும். உசிரோட இருக்கும், அவ்வளவுதான்."

மகள் பைகளை எண்ணுவதுபோல் பார்த்தாள். "ஆஸ்கர் எங்கே?"

"யாரு, சித்தியா?" என்றாள் சித்தி. "மீன் கடைக்காரர் விடிஞ்சதும் வந்து ஏஞ்சல், ஃபைட்டரோட சேத்து வாங்கிட்டுப் போனார். இதுக்குத் தனியா அவர்கிட்ட ஆறடித் தொட்டி இருக்கு."

மகளுக்குக் காது மடல் சுட்டது. "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"பேர் வெச்ச அந்த வாரமே. உங்கப்பா டெப்போலேருந்து போன் பண்ணி, 'சித்திக்கு சாப்பாடு ஆச்சா'ம்பார். மீனைத்தான் கேக்கறார்னு தெரியும். 'ஆச்சுங்க'ம்பேன். நானும் சாப்பிட்டிருப்பேன்." சிரித்துக்கொண்டே ஒரு பையைத் திருப்பி வைத்தாள். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பதில்."

மகள் வாளிகளைக் கீழே வைத்தாள்.

"அப்பா அன்னிக்கு மீனைச் சொல்லலை, சித்தி."

"தெரியும்."

"எனக்கும் அப்பவே தெரியும்."

காற்று மோட்டார்கள் எல்லாம் நின்றுபோன அறையில், பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"வாங்க சித்தி. போலாம்."

"எனக்கும் வாய் பெருசுதான். நீ சொன்னதுல தப்பில்லை."

"எனக்கு மட்டும் சின்னதா?"

சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மீனை விடற வரைக்கும் வரேன். நீ அவசரக்குடுக்கை, அப்படியே தொபீர்னு கொட்டிடுவே."

ஃப்ளாட்டில் தொட்டி தயாராக இருந்தது. சித்தி ஒவ்வொரு பையையும் பிரிக்காமல் அப்படியே தண்ணீரில் மிதக்க விட்டாள். மகள் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

"இரு. உள்தண்ணியும் வெளித்தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷமாவது. அப்புறமும் விட்டுட்டு எழுந்து போயிட முடியாது. யார் யாரைக் கொத்தறாங்கன்னு பத்து நாளைக்கு யாராவது பக்கத்துல இருந்து பாக்கணும்."

"நான் பகல்ல கடையில இருப்பேன்."

"ம்."

மகள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு இரண்டு நாற்காலிகளைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டாள். சித்தி தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே ஒன்றின் நுனியில் உட்கார்ந்தாள். பைகள் ஒன்றோடொன்று லேசாக இடித்து, விலகி, மறுபடி நெருங்கின.