போய்க்கொண்டே இருங்கள்

உருளைக்கிழங்குப் பாத்திரத்தை மேசையில் இறக்கி வைத்த ஜோலின், அதை மூடியிருந்த தாளைத் தேவையில்லாமல் இரண்டு தடவை சரிசெய்தாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள். தன் கணவன் டுவேனால் வர முடியாதாம், தொழுவத்தில் ஒரு மாடு கன்று போட நிற்கிறதாம்.

மார்விஸ் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் ரொட்டிகளைப் பிளந்து பன்றித் தொடைக்கறியை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடக்கம் முடிந்து வருபவர்களுக்கான சாப்பாடு அது. மேல்தளத்தில் அவள் கணவர் ஆர்லின் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியைத் தூக்க ஆறு பேரைச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஆறில் ஒருவர் டுவேன்.

"நேத்தும் மாடுதானே கன்னு போட்டுச்சு?" என்றாள் மார்விஸ்.

"அது வேற மாடு," என்றாள் ஜோலின், தாளைப் பார்த்துக்கொண்டே.

முந்தின நாள் மாலை ஊரே வந்து ஆர்லினைப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்துப் பண்ணைக்காரர் டுவேன் மட்டும் வரவில்லை. பனி இளகும் மாதத்தில் மாடுகள் கன்று போடுவது உண்மைதான். ஆனால் வாழ்நாளெல்லாம் மாட்டோடு மல்லுக்கட்டியவளிடம் மாட்டைச் சாக்குச் சொன்னால் எடுபடுமா? மார்விஸ் அடக்கத்துக்கென்று போட்டிருந்த கறுப்புச் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கடியில் தள்ளினாள். கதவோரம் யாரோ விட்டிருந்த ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில் எங்கே போகிறாய் என்று மகள் ரெனே பதறினாள். ஆளைக் கூட்டி வரப் போகிறேன், அதுவரைக்கும் பாதிரியாரை இன்னும் ஒரு பாட்டுப் பாடச் சொல், அவருக்கும் ஆசைதான் என்று சொல்லிவிட்டு மார்விஸ் படியேறினாள்.

வெளியே ஆர்லினின் பழைய பியூக் கார் நின்றது. அதன் பின்கண்ணாடியில் அந்தப் பலகை இன்னும் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. வெள்ளை வண்ணத்தில் கொட்டை எழுத்துகள்: நலமாக இருக்கிறேன். படம்தான் எடுக்கிறேன். போய்க்கொண்டே இருங்கள்.

அயோவாவின் அந்த வடமூலையில், குளிர்காலத்தில் ஒரு வண்டி சாலையோரம் நின்றால் அதைத் தாண்டிப் போகிறவன் மனிதனே இல்லை. பகையாளியானாலும் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, என்ன ஆச்சு என்று கேட்டாக வேண்டும். மாடுகளை விற்ற பிறகு ஆர்லின் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது இந்த நல்ல குணமே அவருக்கு எமனாக வந்து வாய்த்தது. ஊரில் மற்றவர்கள் இலையுதிர் காலத்து மரங்களைப் படம் எடுப்பார்கள். இவருக்கோ பனி அழுக்காகத் தொடங்கினால்தான் கை பரபரக்கும். அறுத்த சோளத்தட்டைகளுக்கு நடுவில் உறைந்து கிடக்கும் தண்ணீர், பனி அள்ளும் வண்டி ஒதுக்கித் தள்ளிய சக்கர மூடி, மான் உதிர்த்த கொம்பு, யாரோ கண்டெடுத்து உரியவர் கண்ணில் படட்டும் என்று வேலிக்கம்பத்தில் மாட்டி வைத்த ஒற்றைக் கையுறை. யாரும் திரும்பிப் பார்க்காத பருவம் இது, எல்லாமே எனக்குத்தான் என்பார்.

ஒவ்வொன்றுக்கும் அவர் காரை நிறுத்துவார். அவருக்காக இன்னொருவர் நிறுத்துவார். பள்ளத்தில் இறங்கிவிட்டதா என்று கேட்பார். இல்லை, அந்தக் கையுறையைப் படம் எடுக்கிறேன் என்றால், அது யாருடைய கையுறையாக இருக்கும் என்று பேச்சு ஆரம்பிக்கும். அது முடிவதற்குள் வெளிச்சம் போய்விடும். ஆர்லின் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார்.

அதிகம் நிறுத்தியது டுவேன்தான். அந்தச் சாலை அவர் பண்ணையை ஒட்டிப் போனது. போன கிறிஸ்துமஸுக்கு அவரே ஒட்டுப்பலகையை அறுத்து, வண்ணம் தீட்டி, இந்த அறிவிப்பை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். ஆர்லின் இருமல் வரும்வரை சிரித்தார். அன்றே அதைக் கட்டினார். அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் வணக்கம் என்பதுபோல் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். வாழ்க்கையிலேயே இந்தக் குளிர்காலத்தில்தான் உருப்படியாகப் படம் எடுத்தேன் என்று ஆர்லின் எல்லோரிடமும் சொன்னார்.

போன சனிக்கிழமை டுவேன் தீவனம் வாங்கப் போகும்போது பியூக் ஓரமாக நின்றிருந்தது. இரண்டு விரலைத் தூக்கிவிட்டுப் போனார். திரும்பி வரும்போதும் அது அங்கேயே நின்றது. கண்ணாடி இறக்கியே இருந்தது. குளிரில் இவ்வளவு நேரம் யார் கண்ணாடியை இறக்கி வைப்பார்கள்? அப்போதுதான் நிறுத்தினார். உள்ளே ஆர்லின் உயிரில்லாமல் இருந்தார்.

முதல் இரண்டு நாள் மார்விஸுக்கு டுவேனின் கழுத்தை நெரிக்கலாம் போலக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை முந்தின நாள் மாலையின் கூட்டம்தான் உடைத்தது. ஆர்லின் எடுத்த படங்களை மகள் பெரிய அட்டைகளில் ஒட்டி நிறுத்தியிருந்தாள். ஊரார் தங்கள் வேலியையும் தங்கள் தபால் பெட்டியையும் அதில் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார்கள். ஒருவருக்குத் தொலைந்த கையுறைகூடக் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் மூன்று பேர் அவளிடம் வந்து, சனிக்கிழமை நாங்களும் அவரைப் பார்த்தோம், கை காட்டிவிட்டுப் போனோம் என்று சொன்னார்கள். அது என்ன பேச்சு என்று அவர்களுக்கே உறைக்கவில்லை. சொல்லிவிட்டு இனிப்பு ரொட்டியை எடுத்துக்கொண்டார்கள். மாட்டைச் சாக்குச் சொல்லி வீட்டில் கிடந்தது டுவேன் ஒருவர்தான்.

மார்விஸ் காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது டுவேனின் தொழுவத்தில் மாடு எதுவும் கன்று போட நிற்கவில்லை. கவிழ்த்த வாளியின்மேல் டுவேன் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை, காலில் சாணி அப்பிய பூட்ஸ். அடக்கத்துக்குக் கிளம்பித் தயாரான பிறகு அங்கே வந்து உட்கார்ந்துவிட்டார் என்பது மார்விஸுக்குப் பார்த்ததுமே புரிந்தது.

"மாடு எங்க?"

"போட்டுடுச்சு."

"அப்ப கிளம்பு."

அவர் எழுந்திருக்கவில்லை. திறந்த கதவு வழியே பியூக்கின் பின்கண்ணாடி தெரிந்தது. அவர் கண் அங்கேயே நின்றது.

"அந்தப் பலகைய எரிச்சுடணும் மார்விஸ்."

"அது ஆர்லினோடது. குடுத்தப்புறம் உனக்கு அதுல என்ன உரிமை?"

"நான் கையத் தூக்கினேன். அவன் தூக்கல. கேமராவுல கண்ணு வச்சிருக்கான்னு நெனச்சுப் போயிட்டேன்." டுவேன் முழங்காலைப் பார்த்துப் பேசினார். "அப்பவே போயிட்டானா, இல்ல உயிரோட இருந்தானா?"

அப்பவே போய்விட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மார்விஸுக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும், நாளை இன்னொரு தடவை கேட்பார், அதற்கு இன்னொரு பொய் வேண்டும்.

"கேமராவுல தேடிப் பார்த்தேன்," என்றாள். "கடைசிப் படத்துல ஒரு வேலிக்கம்பம், அதுமேல ஓட்டைப் பால் வாளி. உன் வண்டி எதுலயும் இல்ல. டாக்டருக்கும் தெரியலையாம். எனக்குத் தெரியாது டுவேன். உனக்கும் தெரியப் போறதில்ல. அதோடதான் நாம ரெண்டு பேரும் இருந்தாகணும்."

டுவேனுக்குப் பின்னால் ஒரு கன்று தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

"பெட்டிக்கு ஆறு கைப்பிடி," என்றாள் அவள். "அஞ்சு பேரு தூக்கினா ஒரு பக்கம் சாயும். உயிரோட இருந்தப்பவே இடுப்பு போயி ஒரு பக்கமா சாஞ்சு நடந்த மனுஷன். இன்னைக்காவது நேரா போகட்டும்."

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, வந்த வேகத்தில் வேறொன்றாக மாறியது. மார்விஸ் அதைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பலகையின் கம்பிகளை அவளே முறுக்கி அறுத்தாள். கையை ஒரு கம்பி கிழித்தது. பலகையைக் காரின் பின்பெட்டிக்குள் கவிழ்த்துப் போட்டுவிட்டு, சாவியை நீட்டினாள். டுவேன் வாங்கிக்கொண்டார்.

பாதிரியார் உண்மையிலேயே கூடுதலாக இரண்டு பாட்டுப் பாடிவிட்டிருந்தார். கல்லறைத் தோட்டத்தில் மேல்மண் இளகி, அடிமண் இன்னும் கல்லாக இருந்தது. சேற்றில் ஆறு பேரும் தடுமாறினார்கள். டுவேன் ஒருமுறை முழங்கால் மண்ணில் படும் அளவுக்குச் சறுக்கினார், ஆனால் கைப்பிடியை விடவில்லை. பெட்டி நேராகவே போனது. மார்விஸ் அழுதாள். பூட்ஸோடு நின்று, மூக்கைச் சிந்தி, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதாள்.

சாப்பாட்டு நேரத்தில் டுவேன் யாரோடும் உட்காரவில்லை. சமையலறையில் போய்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் முதுகில் தட்டி, எப்படி இருக்கிறீர்கள் என்றபோதெல்லாம் பரவாயில்லை என்றார். அந்தக் கேள்விக்கு அந்த ஊரில் ஒரே பதில்தான். வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் இரண்டு விரலைக் கொடுத்தவர்கூட, ரத்தம் சொட்டச் சொட்டப் பரவாயில்லை என்றுதான் சொன்னார்.

பாத்திரங்களை ஒழுங்குபண்ண ரெனேயும் ஜோலினும் தங்கிவிட்டார்கள். மார்விஸை வீட்டில் விட டுவேன் பியூக்கை எடுத்தார். வேறு வழியாகச் சுற்றிப் போயிருக்கலாம், ஆனால் அவர் அந்தச் சாலையில்தான் திருப்பினார். மார்விஸ் தடுக்கவில்லை. ஓட்டை வாளி மாட்டியிருந்த வேலிக்கம்பம் வந்ததும் காரின் வேகம் குறைந்து, குறைந்து, ஓரத்துச் சரளையில் நின்றது. டுவேன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தபடி இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

எதிரே ஒரு பால் டேங்கர் வந்தது. கிட்டத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் நின்றது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு நடுவயதுப் பெண் மேலிருந்து கண்ணாடியை இறக்கினாள். மார்விஸ் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லையே? நல்லா இருக்கீங்களா?"

டுவேன் கண்ணாடியை இறக்கினார். பதில் சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். மறுபடியும் திறந்தார்.

"இல்லம்மா," என்றார். "நல்லா இல்ல."

அந்தப் பெண் வேறெதுவும் கேட்கவில்லை. டேங்கரை ஓரமாக ஒதுக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, கீழே இறங்கி வந்தாள்.