முலாமும் தகடும்

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்தபோது, லெட்சுமி கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னவென்று கேட்க வந்த மகன் விமலன், அவள் உள்ளங்கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். மாப்பிள்ளைக்கென்று வாங்கி வைத்த கைக்கடிகாரம். அதன் பட்டையில் இரு ஓரமும் எஃகு, நடுவில் தங்கக் கண்ணிகள். நேற்றுவரை அப்படித்தான் இருந்தது. இப்போது அந்தத் தங்கக் கண்ணிகளின் விளிம்பெல்லாம் வெள்ளை வெளேரென்று பல்லிளித்தன.

"சாமி விளக்குக்கிட்ட வெச்சிருந்தேன்டா. எண்ணெயும் குங்குமமும் அப்பிக்கிச்சு. விளக்கு தேச்ச புளி கையிலயே இருந்திச்சு, தேங்கா நாரால தேச்சுட்டேன். தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆவாதுன்னு நீதானே சொன்ன?"

"ஆமாம்மா."

"தங்கத்தையே அழிச்சுட்டேனே. இன்னிக்குப் போயி."

புளிக்குத் தங்கம் அழியாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. நாற்பது வருடம் தங்கம் போட்டவள். ஆனால் பெற்ற பிள்ளை பொய் சொல்லியிருப்பான் என்று நினைப்பதைவிடத் தன் கையைக் குறை சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அம்மாக்கள் போடும் கணக்கே தனி.

விமலனின் அப்பா ரெங்கசாமி செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். தோட்டத்து மேனேஜர் கையில் அப்படி ஒரு கடிகாரம் கிடந்தது. "என் மவளைக் கட்டுறவன் கையில இதே மாதிரி ஒண்ணு கட்டுவேன்" என்று, மகள் உஷாராணி தவழ்ந்த காலத்திலேயே, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தார். நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்டுவது பெண்ணின் அண்ணன் முறை என்பதால் பொறுப்பு விமலன் தலையில் விழுந்தது. லெட்சுமி யோசிக்கவே இல்லை. கழுத்திலிருந்த இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி மகன் கையில் கொடுத்தாள். "இதை வித்து நெசமானதா வாங்கு. அப்பா சொன்ன வார்த்தை" என்றாள்.

கிள்ளானில் நகைக்கடை வாசல்வரை அவன் போகத்தான் செய்தான். சங்கிலியின் கொக்கியில், அப்பா இருந்த காலத்தில் அம்மா கழுத்தில் பூசிய மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு உள்ளே போகக் கால் வரவில்லை. அந்த மட்டுக்கும் அவன் நல்ல பிள்ளைதான். அங்கிருந்து நேரே, அசலைப் போலவே செய்த காப்பிக் கடிகாரம் விற்கும் நாகமணியின் மாடிக்கடைக்கு ஏறினானே, அங்கேதான் பிசகியது.

நாகமணி ஒளிக்கவில்லை. ஒரே மாதிரி இரண்டை எடுத்துத் துணிமேல் வைத்தான். "ரெண்டும் காப்பிதான், பாஸ். இது முலாம். மேலாப்புல மெலிசா ஏத்துனது. கைவேர்வைக்கே ஓரம் விட்டுக்கொடுத்துரும். இது தகடு. எஃகு மேல நெசத் தங்கத்த மடிச்சுச் சுத்திருக்கு. கீறல் விழுந்தாலும் உள்ளயும் தங்கம்தான் தெரியும்லா."

முன்பக்கம் எத்தனை பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. தகட்டுக் கடிகாரத்தைத் திருப்பினால்தான் கண்ணிகளின் அடியில் தகடு வந்து சேரும் மெல்லிய கோடு தெரிந்தது. கையில் கொஞ்சம் கனம் கூட. ஆனால் அதை வாங்கச் சங்கிலியை விற்றாக வேண்டும். லோரி ஓட்டிய சொந்தச் சம்பளத்துக்கு முலாம்தான் எட்டியது. யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று முலாமை வாங்கினான். சங்கிலி அவன் அலமாரியில் துணிக்கடியில் கிடந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் அம்மா கழுத்தில் தானே போட்டுவிட வேண்டும் என்று ஆசை வைத்திருந்தான்.

"ஒரிஜினல்தானேடா?" என்று அன்று கேட்டாள் லெட்சுமி.

"ஒரிஜினல்தாம்மா" என்றான். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்போது குழாயடியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சபையில நானே சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேசாத."

அவன் சரியென்று தலையாட்டினான். பயம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

வீட்டு முன்னால் போட்ட கூடாரத்தில் தட்டுகள் சபையைச் சுற்றி வந்தன. கடிகாரத் தட்டு வந்ததும் லெட்சுமி எழுந்து கைகூப்பினாள். புளியை, நாரை, தன் புத்திகெட்டதனத்தை எல்லாம் சொன்னாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் சிவானந்தம் கடிகாரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கண்ணியின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். அப்படியே தட்டில் வைத்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், "புளிக்குத் தங்கம் போவுமா?" என்றது.

"எங்க வீட்டுப் புளி கொஞ்சம் கடுமைங்க" என்றாள் லெட்சுமி. சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மகனைத் தேடினாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள் போய் அலமாரியைத் திறந்து, சங்கிலியோடு வந்து சபை நடுவில் நின்றான்.

"அம்மா மேல தப்பில்லைங்க. அது காப்பி. ஒரிஜினல்னு பொய் சொன்னது நான்தான். இந்தச் சங்கிலிய விக்க எனக்கு மனசு வரல."

லெட்சுமி சங்கிலியையே பார்த்தாள். அவன் நீட்டியபோது வாங்கவில்லை. சபையைப் பார்த்துப் பேசினாள். "என் வீட்டுக்காரரு கடிகாரம் போடுறேன்னாரு. அது எங்களால ஆவல. இந்தச் சங்கிலி அவரு கையால வாங்குனது. மாப்பிள்ளை இத ஏத்துக்கிடணும்." மகனிடம் திரும்பி, "போடு" என்றாள்.

மாப்பிள்ளை கணேஸ்வரன் மாமனைப் பார்த்தான். சிவானந்தம் தலையசைத்தார். விமலன் மாப்பிள்ளை கழுத்தில் சங்கிலியைப் போட்டான். மஞ்சள் ஒட்டிய கொக்கி சட்டென்று மாட்டவில்லை.

பந்தி உட்கார்ந்த பிறகு லெட்சுமி விமலனிடம் வந்தாள். தட்டில் மிஞ்சிக் கிடந்த கடிகாரம் அவள் கையில் இருந்தது. அவன் இடது கையைப் பிடித்து அதைக் கட்டினாள்.

"சங்கிலிய நெனச்சு வருத்தப்படுறீங்களாம்மா?"

"சங்கிலி என்னடா சங்கிலி. காப்பி வாங்குனதக்கூட விட்டுருவேன்." பட்டையின் கொக்கியை அழுத்தி மூடினாள். "கொல்லையில நான் அழுதப்ப, எல்லாந் தெரிஞ்சும் பாத்துக்கிட்டே நின்னியே."

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, சம்பந்திகளுக்குச் சோறு போடப் போனாள்.