அவள் காது உயரம்

பொம்பளைகள் ஏன் இந்தப் பக்கமே வருவதில்லை என்பதற்கு இசைத்தட்டும் ஸ்பீக்கருமாகப் பாட்டுக் கேட்கிற அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். பெண்களுக்குக் கரண்ட் என்றாலே பயம் என்பார் ஒயர்மேன். பெண்கள் பாட்டில் வார்த்தையைத்தான் கேட்பார்கள், சத்தத்தைக் கேட்க மாட்டார்கள் என்பார் லேத்துக்காரர். காலமெல்லாம் சினிமா தியேட்டரில் படம் ஓட்டிவிட்டு இப்போது வீட்டில் இருக்கும் ஆபரேட்டர்தான் கூட்டத்துக்குத் தலை. அவர் ஒரே போடாகப் போடுவார்.

"இதுக்குப் பொறுமை வேணும்யா. ஒரு எடத்துல உக்காரணும். அவங்களால முடியாது."

அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் மனைவி டீத்தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

வெல்டிங்காரி இதையெல்லாம் ஓரத்து ஸ்டூலில் இருந்து கேட்டிருக்கிறாள். கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண். பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் ஒட்டிக்கொண்டிருந்தவள், லேத்துக்காரர் கேட்டார் என்று இரண்டு ஸ்பீக்கர் ஸ்டாண்ட் செய்துகொண்டுபோய் அவர் வீட்டில் இறக்கினாள். அப்போது ஓடிய பாட்டு முடியும்வரை ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பேய். அதற்கப்புறம் பழைய சாமான் கடைகளில் அவள் கிளறாத குவியல் இல்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பலகை அறுத்ததும் அவளே, ஒயர் பற்றவைத்ததும் அவளே.

மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள். வந்தவர்களை ஒவ்வொருவராக நடு நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்வது வீட்டுக்காரன் கடமை; வெல்டிங்காரியின் முறை வருவதற்குள் டீ வந்துவிடும். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லி, அங்கேயே திருத்திவிடுவார்கள். அதன்பிறகு கடைசிப் பாட்டு வீட்டுக்காரனுடையது. அவன் நடுவில் உட்கார்ந்துவிட்டால் பாட்டு முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. குறையைத் திருத்த விடாத வீட்டுக்குக் கடைசிப் பாட்டும் கிடையாது, மறுபடி கூட்டமும் கிடையாது.

இந்த மாதம் வெல்டிங்காரியின் முறை. "வரும்போது அண்ணியையும் கூட்டிட்டு வாங்க" என்று மூன்று பேரிடமும் சொல்லியிருந்தாள். லேத்துக்காரர் மட்டும் கூட்டிவந்தார். ஆபரேட்டர் அம்மாவுக்கு வீட்டில் வேலையாம்.

"அடுப்படி இன்னைக்கு என் பொறுப்பு. நீ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கக்கூடாது" என்று காலையிலேயே மார்தட்டியிருந்தான் புருஷன். டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார். "தரைக்கு மட்டம் பாக்கத் தெரிஞ்சவனுக்கு டீ போடத் தெரியாதா?"

அவள் பெட்டியின் ஸ்டாண்டுக்கு அளவு எடுத்ததும் அவன்தான். நாற்காலியில் அவளை உட்காரவைத்து, தரையிலிருந்து காதுவரை டேப் பிடித்தான். காதும், மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கரும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் குரல் குரலாக வரும். அளவெல்லாம் சரி. அவள் இரும்புக் குழாயை அறுத்து, ஒட்டி, உள்ளே மணல் நிரப்பி, பெட்டியைத் தூக்கி வைத்துக் கேட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இரண்டு பேரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் வேலை முடிந்து வந்த அலுப்பில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நாற்காலி நுனிக்கு வந்து எழப் போனாள். குரல் பளிச்சென்று நிமிர்ந்தது. புருஷன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அளவு எடுக்கும்போது எப்படி உக்காந்திருந்த? அடுப்புல பால வச்சுட்டு வந்தவ மாதிரி. சாஞ்சா உக்காந்த?"

இல்லை. இப்படிப் பாட்டுக் கேட்கும் நேரம் தவிர, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் எந்த நாற்காலியிலும் சாய்ந்து உட்கார்ந்ததாக அவளுக்கே நினைவில்லை. எழுந்து ஓடப்போகிறவளின் காதுக்கு ஸ்டாண்ட் செய்து வைத்திருந்தாள். மறுநாளே மணலைக் கொட்டிவிட்டு, சாய்ந்து உட்காருகிறவளுக்கு ஏற்றபடி குழாயைக் குட்டையாக அறுத்தாள்.

இப்போது அந்த நாற்காலியில் ஒயர்மேன் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம். பாட்டு பாதி போகும்முன்பே உதட்டைப் பிதுக்கினார்.

"கீழ் சத்தம் கும்முனு இருக்கு தங்கச்சி. குரல்தான் எங்கயோ ஒளிஞ்சிட்டிருக்கு."

அடுத்து லேத்துக்காரர். அவரும் அதையே சொன்னார். கடைசியில் ஆபரேட்டர், முதுகு வளையாமல் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"ஸ்டாண்டு குட்டை. அவ்வளவுதான் விஷயம். தூக்கிட்டா சரியாயிடும்."

மூலையில் புருஷன் அடுக்கி வைத்திருந்த டைல் துண்டுகள் ஒயர்மேன் கண்ணில் பட்டன. "இந்தா, நாலு நாலா வச்சாப் போதும்" என்று கையில் எடுத்துவிட்டார்.

"அதக் கீழ வச்சிருங்கண்ணே. பெட்டியத் தொடாதீங்க."

வெல்டிங்காரியின் குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. பட்டறையில் பேசிப் பழகிய தொண்டை.

ஆபரேட்டர் நிமிர்ந்தார். "ஏம்மா, கூட்டத்தோட வழக்கம் தெரியுமில்ல? குறையத் திருத்த விடலன்னா..."

"தெரியும்ண்ணே. கடைசிப் பாட்டு கிடையாது."

"தெரிஞ்சுமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடத்தக் கோணல்னு நான் சொல்லலையே. நீங்கதான சொல்றீங்க?"

ஒயர்மேன் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார். வெல்டிங்காரி பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். இந்த ஒரு பாட்டுக்காகத்தான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைப் பலகைத்தூளில் கழித்திருந்தாள். டைல் துண்டைச் சொருக விட்டால் பாட்டு கிடைக்கும். ஆனால் அது அவள் காதுக்குக் கேட்காது. ஆம்பளைகள் காதுக்குக் கட்டிய வீடுகளில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் போதாதா? சொந்த வீட்டிலுமா?

சுவரோரம் நின்ற லேத்துக்காரர் மனைவியிடம் திரும்பினாள். "அக்கா, நீங்க வந்து உக்காருங்க."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்? நீங்க பேசுங்க, நான் உள்ள போய் தம்பிக்கு ஏதாச்சும்..."

"அவரு பாத்துக்குவாரு. வாங்க."

அந்த அம்மா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை, இரண்டு காலும் தரையில் ஊன்றி.

"சாஞ்சு உக்காருங்கக்கா."

"இருக்கட்டும்மா."

"சாயுங்க. யாரும் கூப்பிட மாட்டாங்க."

கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த அம்மா மெதுவாகச் சாய்ந்தாள். இசைத்தட்டில் முள் இறங்கியது. பக்கவாத்தியம் இல்லாமல் ஒருத்தி பாட ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் அந்த அம்மா கையை நீட்டி, முகத்துக்கு நேரே வெறும் காற்றைக் காட்டினாள்.

"இங்க நிக்கிறா."

"யாரு?" என்றார் லேத்துக்காரர்.

"பாடுறவதான். மூச்சு வாங்குறது கூடக் கேக்குது." அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள். "நம்ம வீட்டுப் பெட்டியில ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லையே?"

"நீ எங்க நடுவுல உக்காந்த?"

"நீங்க எப்ப எந்திரிச்சீங்க?"

லேத்துக்காரர் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டர் அந்த அம்மாவை எழுப்பவில்லை. அதை அவருக்குப் பெருமையாகத்தான் சொல்ல வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, முழங்காலை மடக்கி, தலையை அவள் தலைக்குச் சமமாக இறக்கினார். மூட்டு சொடக்கியது. அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பழைய தீர்ப்பு இல்லை.

"இது உன் காதுக்குக் கட்டின பெட்டி."

"ஆமாண்ணே. என் வீடு, என் காது."

"அப்ப நாங்க?"

"கொஞ்சம் குனியணும். நாங்க குனியாத குனியா?"

ஒயர்மேன் இந்தத் தடவை அடக்கவில்லை, வாய்விட்டே சிரித்தார். டைல் துண்டுகள் மூலைக்குத் திரும்பின. ஆபரேட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குறைன்னு எதுவும் இல்ல. வெல்டர், கடைசிப் பாட்டப் போடு."

தங்கச்சி இல்லை, ஏம்மா இல்லை. வெல்டர். ஒட்டு சரியாக விழுந்தால் இரும்பு ஒரு நிறத்துக்கு வரும், பார்த்தாலே தெரியும். அவளுக்கு அந்த நிறம் கண்ணுக்குள் வந்து போனது.

லேத்துக்காரர் மனைவி ஓரத்து ஸ்டூலுக்கு மாற, முள்ளை வைத்துவிட்டு, வந்து, நடுவில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாட்டு அவள் நெற்றிக்கு நேரே வந்து நின்றது. முதல் அடி முடிந்து இரண்டாவது எழும்போது அடுக்களையிலிருந்து புருஷன் குரல்.

"ஏம்மா, வடிகட்டி எங்க இருக்கு?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் உள்ளங்கால் தன்பாட்டில் தரையை அழுத்தியது. இடுப்பு எழும்பப் பார்த்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்தாள். வருஷக்கணக்காகப் பழகிய உடம்பு, அதட்டினால் கேட்குமா? பிடித்துத்தான் வைக்க வேண்டும்.

"இந்தா, பால் பொங்குது! வடிகட்டி எங்க?"

லேத்துக்காரர் மனைவி பாதி எழுந்துவிட்டாள். ஆபரேட்டர் விரலை உதட்டில் வைத்து, உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். வழக்கம் வழக்கம்தான். அடுப்பில் புஸ்ஸென்று சத்தம். தீய்ந்த பால் நாற்றம் கூடத்துக்கு வந்து, ஸ்பீக்கரைத் தாண்டி, வரிசையாக எல்லோர் மூக்கையும் விசாரித்தது. மூன்று ஆம்பளைகளும் ஒரு பொம்பளையும் அசையாமல் அதை மோந்துகொண்டிருந்தார்கள்.

வெல்டிங்காரி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உடம்பு மெல்ல, ஒவ்வொரு இடமாக, நாற்காலிக்குள் இறங்கியது. பாடுகிறவள் உச்சிக்குப் போய், அங்கேயே கொஞ்சம் நின்று, இறங்கினாள். குரல் ஓய்ந்தது. தட்டின் வெறும் இடத்தில் முள் சர் சர்ரென்று சுற்றியது. அதையும் கேட்டாள்.

பிறகு, சாய்ந்த முதுகை எடுக்காமல், அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"ஜன்னலுக்குப் பக்கத்துல ஆணியில தொங்குதுங்க."