மடிப்பு மேசையில் கிடந்த மருந்துச் சீட்டு

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மருந்துச் சீட்டு மடிக்கிறேன். மாத்திரை டப்பாவுக்குள் பொடி எழுத்தில் ஒரு தாள் கிடக்குமே, அதுதான். எட்டு வருஷத்தில் எத்தனை லட்சம் மடித்திருப்பேனோ, ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அன்றைக்கு மேசையில் வந்து விழுந்த லோடில் இருந்த பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் செல்வக்குமார் இரண்டு வேளையும் விழுங்குகிற மருந்து அது.

2004இல் என் கிட்னி ஒன்றை அவருக்கு வைத்தார்கள். இரண்டு வருஷமாக அதைக் காப்பாற்றுவது இந்த மருந்துதான். காலையில் நானே எடுத்துக் கொடுப்பேன். சாயங்காலம் நான் வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும், அவரே போட்டுக்கொள்வார். மருந்து வாங்க மதுரைக்கும் அவரேதான் போய்வருவார்.

பத்தாவது வரை படித்த இங்கிலீஷை வைத்து எழுத்துக்கூட்டினேன். கட்டம் போட்ட இடத்தில் 'கேன்சர்' என்று இருந்தது. பக்கத்திலிருந்த வெள்ளைத்தாயிடம் காட்டினேன், அவளும் அதையேதான் வாசித்தாள். உடம்பை அறுத்துக் கொடுத்த கையாலேயே இந்தச் சனியனையும் கொடுத்திருக்கிறேனே!

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு டெலிபோன் பூத்துக்கு ஓடி, மதுரை டாக்டரைப் பிடித்துக் கத்தித் தீர்த்தேன். மனிதர் கோபப்படவில்லை. உடம்புக்குள் காவலுக்கு நிற்கிற அணுக்களுக்குள்ளே ஓடுகிற ஒரு சேதியை இந்த மருந்து தடுக்கிறதாம். அதனால்தான் அவை வேற்றாள் கிட்னியை அடித்து விரட்டுவதில்லையாம். கேன்சர் அணுவைப் பிடிப்பதும் அதே காவல்தான், அது அசந்தால் ஆபத்து கொஞ்சம் கூடத்தான் செய்யும், அதைக் கண்காணிக்கத்தான் செக்கப் என்றார். ஆனால் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை விட்டாலும் கிட்னிக்கே ஆபத்து, கிட்னி தளர்ந்தால் கால் வீங்கும், அழுத்தினால் குழி விழும் என்றார். கடைசியில், "மூணு மாசமா உங்க வீட்டுக்காரர் ஏன் ரத்த டெஸ்ட்டுக்கு வரல?" என்று கேட்டார்.

என்னிடம் மாசாமாசம் போய்வந்ததாகத்தானே சொன்னார்! அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து பட்டாசு டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். சீட்டை நீட்டினேன். பதறுவார் என்று நினைத்தேன், பதறவில்லை. எழுந்துபோய் பீரோ மேலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். அதே சீட்டு உள்ளே மடித்துக் கிடந்தது. அதன் கீழே பிரிக்காத மாத்திரை அட்டைகள் டப்பா நிறைய.

"மூணு மாசத்துக்கு முன்னாடியே படிச்சிட்டேன் பொன்மணி. உங்கிட்டச் சொன்னா பயந்துருவ. பாதி தின்னா பாதிப் பயந்தானேன்னு சாயங்கால மாத்திரைய நிப்பாட்டிட்டேன். டெஸ்ட்டுல தெரிஞ்சிரும்னு மருந்த மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

"அது என் கிட்னி. அதப் பாதியாக்க உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் கீழே பார்த்தேன். போன வாரம் செருப்பு கடிக்கிறது என்று புதுச் செருப்பு கேட்டார். மாப்பிள்ளைக்கு ஷோக்கு கூடிப்போச்சு என்று கேலி செய்து சிரித்தேன், பாவி. இப்போது உட்கார்ந்து அவர் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.