ஒரு கரண்டி அமிலம்

சில ஆண்டுகளுக்கு முன் சிலேகோன் நகரத்துத் தொழிற்சாலையில் பெரிய அமிலக் கலன் வெடித்ததில் சுலஸ்திரியின் கணவன் இறந்துபோனான். அதே கொட்டகையில்தான் இன்று அவள் புதிய எந்திரத்தை ஓட்டினாள். அமிலத்தைக் கலன் நிறையக் கலந்து வைக்காமல், முடி போன்று மெல்லிய குழாய்களுக்குள் சொட்டுச் சொட்டாகக் கலந்துகொண்டே, மாத்திரை மருந்து செய்வதற்கான மூலப்பொருளை விரைவாகத் தருவது அது.

நண்பகலில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டு பட்டென்று வெடித்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள்.

"அக்கா, வெளிய வாங்க! உசுரு முக்கியம்!" என்று கத்தினான் உடன் வேலை செய்யும் வகிமான்.

சுலஸ்திரி ஓடவில்லை. பம்பை நிறுத்திவிட்டு, எந்திரத்தின் கண்ணாடி மூடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு கரண்டி அமிலம் புகைந்து அடங்கியிருந்தது.

"அவ்வளவுதான் வகிமான், வா," என்றவளுக்குக் குரல் உடைந்தது. "அவரு போன அன்னைக்கும் இவ்வளவோட நின்னிருக்கக் கூடாதா?"

வகிமான் திரும்பி வந்து, புதுக் குழாய் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயை மாற்றத் தொடங்கினாள்.