முதுகு காட்டி நிற்கிறவள்

கடல் தண்ணீரில் ஊறிக் காய்ந்த சப்பாத்து எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பாஷையூர்க் கரையில் பிறந்தவள். மகள் அனோஜினி பிரான்சிலிருந்து வந்து இறங்கிய மறுநாள், நாங்கள் குடியேறியிருக்கிற லாசாலில் எங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு முன்னால் அவளுடைய பையை அவிழ்த்தேன். சப்பாத்தின் ஓரமெல்லாம் வெள்ளையாய் உப்பு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தேன். கடலேதான்.

கள்ளி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள்.

போகும்போது என்ன சொன்னாள்? யேசு பிறக்க மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய கல்லறையாம். பெரிய பெரிய கல்லுகளை நட்டுக் கட்டியதாம். பல்கலைக்கழகத்தால் கிண்டப் போகிறார்களாம். "எங்கையடி கிடக்கு?" என்று கேட்டேன். "வயலுக்கையம்மா" என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் விட்டேன். என் தங்கை அக்னெஸை முல்லைத்தீவில் சுனாமி கொண்டுபோன நாளிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் கடலில் கால் வைப்பதில்லை. சட்டியில் மீன்கூட ஏறுவதில்லை. அக்னெஸின் படத்துக்கு முன்னால் நின்று அனோஜினியும் சத்தியம் பண்ணியவள். இப்போது அடுத்த கோடைக்கும் கூப்பிட்டிருக்கிறார்களாம், நான் ஓம் என்றால் போதுமாம். விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டாள்.

பையின் அடியில் ஒரு விசில் கிடந்தது, கழுத்தில் போடுகிற நாடாவோடு. வாய் வைக்கிற இடத்தில் பல் அடையாளம். யாருடைய பல்?

ஆற்றுத் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த என் மனுசன் மரியதாசனிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"விசர்க்கதை கதையாதை, யோசெப்பின். பிள்ளை களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறாள்."

"ஓம், செல்லம் குடுங்கோ. நாளைக்கு ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து படியிலை நிப்பாள், அப்ப விளங்கும்."

அவர் கோப்பியோடு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துவிட்டார். நான் அவளுடைய கமெராவை எடுத்துப் பொத்தானை அமத்தினேன்.

பாசி பிடித்த நெடுங்கல்லுகள் இரண்டு வரிசையாய் நின்றன. கீழே ஈரமணல். கல்லுகளுக்கு நடுவே நாலைந்து பேர் முழங்காலில் நின்று கிண்டுகிறார்கள். என்னுடையவள் மட்டும் தள்ளிப்போய், எல்லாருக்கும் முதுகு காட்டி நிற்கிறாள். அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அதே முதுகு. கடைசிப் படத்தில் ஆட்கள் இல்லை. கல்லுகளின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

சுனாமி அன்றைக்கும் முதல் தண்ணீர் வந்து வடிந்த பிறகு கடல் இப்படித்தான் ஈரமணலை விட்டுவிட்டுத் தூரத்துக்குப் போனதாம். மணலில் மீன் துள்ளுகிறதென்று பார்க்கப் போனவள் அக்னெஸ்.

அறைக்குள் போய்ப் போர்வையை இழுத்தேன்.

"எழும்படி! இதுவோ உன்ரை வயல்?"

கமெராவைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளிறிப்போனது. "உண்மையைச் சொன்னா விட்டிருப்பீங்களோ, அம்மா?"

"கடலுக்கை ஆரடி கல்லறை கட்டுவான்?"

"கட்டேக்கை அது தரைதானம்மா. கடல் பேந்துதான் ஏறினது. இப்ப ஒவ்வொரு நாளும் வத்தும், திரும்பி வந்து மூடும். வத்தின நேரத்துக்கைதான் கிண்டலாம்."

"செத்ததுகளையும் விடேல்லையோ இந்தக் கடல்?" கமெராவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "மற்றதுகள் குனிஞ்சு வேலை செய்யுதுகள். நீ ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஆர் வரப்போறான்? இந்த விசில் ஆரின்ரை?"

"என்ரை."

"உனக்கென்னத்துக்கு விசில்?"

எழும்பி இருந்தாள். "குனிஞ்சு கிண்டுற ஆக்களுக்குத் தண்ணி திரும்பிறது தெரியாதம்மா. ஒராள் கடலைப் பாத்தபடியே நிக்க வேணும். தண்ணி திரும்பினா விசிலடிக்க வேணும், எல்லாரும் மேலை ஏறிடுவினம். முறை வைச்சு நிக்கிறது. ஒருத்தருக்கும் விருப்பமில்லாத வேலை."

"முறையெண்டா, எல்லாப் படத்திலையும் நீயேன் நிக்கிறாய்?"

"மற்றவையின்ரை முறையையும் நான்தான் கேட்டு வாங்கினன்."

"கிண்டப் போனவள் ஏனடி கரையிலை நிண்டனி?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த அக்னெஸின் படத்தைப் பார்த்தாள்.

"சித்திக்கு ஒருத்தரும் விசிலடிக்கேல்லையே."

கட்டில் ஓரத்தில் இருந்து அழுதேன். அவளும் அழுதாள். முன்னறையிலிருந்து மனுசன் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு சப்பாத்தைக் கழுவிப் பல்கனியில் வைத்தேன். விசிலையும் கழுவினேன். நாடா உப்பில் நைந்துபோயிருந்தது, இழுத்தால் அறுந்துவிடும். தையல் பெட்டியிலிருந்து தடித்த நாடா ஒன்றை எடுத்துக் கோத்து, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

"அடுத்த கோடைக்கும் நீதான் நிக்க வேணும், விளங்கிச்சோ? வேறை ஒருத்தரையும் நம்பாதை."