விளக்கின் முதுகு

"சிவப்பு விளக்கை மீறி லாரியை ஓட்டினார்" என்று அன்று குறிப்பேட்டில் எழுதிய போக்குவரத்துக் காவலர் நான்தான். நிரூபணமானால் அந்த டிரைவரின் உரிமம் ஆறு மாதத்துக்குப் போய்விடும். சாட்சிக் கூண்டில் ஏறுமுன் இன்ஸ்பெக்டர் காதோரம் சொன்னார்: "சிவப்பைப் பார்த்தேன்னு சொல்லிட்டு இறங்கு. நீட்டி முழக்காதய்யா."

எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சாலைச் சந்திப்பின் வரைபடத்தை நீட்டினார். "நீங்க நின்ன இடத்துல விரலை வைங்க சார்."

வைத்தேன்.

"ஏன் அங்க?"

"அங்கதான் நிழல்."

"அங்கேருந்து லாரிக்கான விளக்கு தெரியுமா?"

அங்கிருந்து அந்த விளக்கின் முதுகுதான் தெரியும். நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்ததைப் பார்த்தேன். குழந்தையோடு ஒரு பெண் சாலையில் இறங்கியதையும், அவளை உரசுவதுபோல் லாரி பாய்ந்ததையும் பார்த்தேன். சிவப்பு மட்டும் என் ஊகம். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு முடிந்துவிடும். இன்ஸ்பெக்டர் கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது," என்றேன். "நடக்குறவங்களுக்கு விழுந்த பச்சையைத்தான் பார்த்தேன்."

"அன்னிக்கு சிக்னல் ஒழுங்கா வேலை செஞ்சதுன்னு சான்று இருக்கா?"

"வாங்கலை."

டிரைவரை விடுவித்தார்கள். வராந்தாவில் என்னைக் கடந்துபோனபோது அவர் தலை நிமிரவில்லை.

"வந்துட்டாருய்யா உண்மைவிளம்பி," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"



மறுநாள் காலை அதே சந்திப்பில், இரண்டு விளக்குகளும் கண்ணில் படும்படி பத்தடி தள்ளி நின்றேன். வெயில் நேராக முகத்தில் அடித்தது.